இப்போ மருந்து எங்க இருக்கு?

மார்ஃபின் ஆம்பியூல் சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. உள்ளே ஒரு மில்லி திரவம். அந்த ஒரு மில்லிக்குள் 10 மில்லிகிராம். சில கம்பெனிச் சரக்கில் 15. வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்த பெரிய ஆளுக்கு டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதுவது 2 மி.கி., ஐ.வி., மெதுவாக, வலி குறையாவிட்டால் மறுபடி. அதாவது அந்த ஒரு மில்லியில் ஐந்தில் ஒரு பங்கு. எட்டு கிலோ குழந்தை என்றால் இன்னும் கீழே இறங்கும். இதைச் சரியாகப் பிரித்தெடுப்பதும், பிரித்ததை அப்படியே ரத்தத்தில் கொண்டு சேர்ப்பதும்தான் நான் இவ்வளவு காலம் செய்த வேலை.

போஸ்ட் ஆப் வார்டில் வேலை கற்றவள் நான். பிறகு தீக்காய வார்டு, அதன்பின் குழந்தைகள் அறுவைப் பிரிவு. இப்போது பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் என்னைவிட வேகமாகக் கணக்குப் போடுகிறார்கள். குழந்தை எத்தனை கிலோ, கிலோவுக்கு எவ்வளவு, ஒரு மில்லியில் எவ்வளவு என்று செல்போனைத் தொடாமலே சொல்லிவிடுகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் கணக்கில் வந்த 0.4 மில்லிக்கும் நரம்புக்குள் போகிற 0.4 மில்லிக்கும் நடுவில் எத்தனையோ இடங்கள் இருக்கின்றன. மருந்து அங்கெல்லாம் தங்கும். சில இடங்களில் நமக்குத் தெரியாமல் கூடிக்கொண்டும் வரும்.

எனக்கு வேலை சொல்லித் தந்த இன்சார்ஜ் அக்காவிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. "இப்போ மருந்து எங்க இருக்கு?" ஆம்பியூலை உடைக்கும்போது கேட்பார். சிரிஞ்சில் லோட் பண்ணியதும் கேட்பார். ஊசி போட்டு முடித்து, கிட்னி ட்ரேயைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போதும் கேட்பார். "கொடுத்தாச்சு அக்கா" என்றால் விடமாட்டார். "கொடுத்தாச்சுன்னா? நரம்புக்குள்ள போச்சா, ட்யூபுல நிக்குதா?" அந்த வயதில் எரிச்சலாக வரும். இப்போது நானும் அதையேதான் கேட்கிறேன். பிள்ளைகள் முகத்தில் அதே எரிச்சலைப் பார்க்கிறேன்.

ஆம்பியூலில் தொடங்குவோம். கழுத்துக்கு மேலே, அந்தத் தலைப்பகுதியில் கொஞ்சம் மருந்து எப்போதும் தங்கியிருக்கும். விரலால் சுண்டினால் இறங்கும். இறங்காவிட்டால் ஆம்பியூலை நிமிர்த்திப் பிடித்துக் கையை ஒரு வட்டம் சுழற்றினால் சர்ரென்று இறங்கிவிடும். எங்கள் காலத்தில் கழுத்தை அறுக்கச் சின்ன அரம் ஒன்று ட்ரேயில் கிடந்தது. இப்போது புள்ளி வைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். புள்ளி உங்களைப் பார்த்திருக்க வேண்டும். காஸ் துணியைச் சுற்றி, உங்களுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்து உடைக்க வேண்டும். உடைத்தவுடன் நீடிலை உள்ளே விடாதீர்கள். கண்ணாடித் துணுக்குகள் அடியில் உட்காரக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். பிறகு மெல்லிய நீடிலால், அடியைச் சுரண்டாமல் இழுங்கள். பெரிய நீடிலில் சட்டென்று வந்துவிடும் என்பது உண்மைதான், துணுக்கும் அதேபோலச் சட்டென்று வந்துவிடும்.

ஒரு மில்லி என்று எழுதியிருக்கும் ஆம்பியூலில் ஒரு மில்லிக்குச் சற்று மேலேயே இருக்கும். இழுக்கும்போது சுவரில் ஒட்டி வீணாவதை ஈடுகட்டக் கம்பெனிக்காரர்கள் 0.1 மில்லி அளவுக்குக் கூட்டியே நிரப்புகிறார்கள். ஆகவே ஒரு சொட்டு விடாமல் உறிஞ்சி, சலைன் சேர்த்துப் பத்து மில்லியாக்கினேன் என்று பெருமையாகச் சொல்லும் பிள்ளையின் சிரிஞ்சில் 10 மி.கி. இருக்காது, 11 இருக்கலாம். சிக்கனம் நல்ல குணம், இந்த இடத்தில் மட்டும் வேண்டாம். ஒரு மில்லிக் கோட்டில் நிறுத்துங்கள்.

ஏன் பத்து மில்லியாக்க வேண்டும்? 10 மி.கி. மார்ஃபினை 10 மில்லியாக்கினால் ஒரு மில்லிக்கு ஒரு மில்லிகிராம். ஆர்டரில் 2 என்றால் சிரிஞ்சிலும் 2. ராத்திரி இரண்டு மணிக்கு, ஒரு பக்கம் டிரெயின் ட்யூப் நிரம்பி வழிய, இன்னொரு பக்கம் கட்டிலிலிருந்து இறங்கப் பார்க்கும் தாத்தாவைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, தலைக்குள் கணக்கு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ஸ்டோரிலிருந்து 15 மி.கி. ஆம்பியூல் வந்தால் 20 மில்லி சிரிஞ்சை எடுத்து 15 மில்லியாக்குங்கள், கணக்கு மாறாது. ஃபென்டனில் வேறு ரகம். 2 மில்லி ஆம்பியூலில் 100 மைக்ரோகிராம். அதோடு 8 மில்லி சலைன் சேர்த்தால் மில்லிக்கு 10 மைக்ரோகிராம். மைக்ரோகிராமை எழுதும்போது முழுசாக எழுதுங்கள். சுருக்கி எழுதினால் அவசரத்தில் படிப்பவர் கண்ணுக்கு அது மில்லிகிராம்தான், ஆயிரம் மடங்கு.

ஒரு வார்டுக்கு ஒரே கரைசல்தான் இருக்க வேண்டும். நான் சில மாதம் போயிருந்த ஓர் இடத்தில் காலை டியூட்டி மார்ஃபினைப் பத்தாக்கும், ராத்திரி டியூட்டி ஐந்தாக்கும். இரண்டும் சரியான கணக்குதான். ஆனால் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ட்ரேயில் மீதி கிடக்கும் சிரிஞ்சைப் பார்த்து எது என்று யார் சொல்வது? அங்கே எனக்கு முந்தியவர்கள் அந்தச் சிரிஞ்சைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "பத்தாத்தான் இருக்கும்" என்று எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். தண்ணீரும் மார்ஃபினும் ஃபென்டனிலும் கண்ணுக்கு ஒன்றுதான். லேபிள் இல்லாத சிரிஞ்ச் என்றால் கொட்டிவிடுங்கள். அதில் என்ன இருந்தாலும் சரி, யார் திட்டினாலும் சரி. லேபிளில் மருந்தின் பெயர், மில்லிக்கு எவ்வளவு, கரைத்த நேரம், உங்கள் பெயர். பிளாஸ்டரைக் கோடுகளின்மேல் ஒட்டாமல், கோடு இல்லாத பக்கமாக நீளவாக்கில் ஒட்டுங்கள். கோட்டை மறைத்து ஒட்டிவிட்டு, அப்புறம் பிளாஸ்டரைக் கொஞ்சம் உரித்து எட்டிப் பார்க்கிற பிள்ளைகளை வாரத்துக்கு ஒருத்தியாவது பார்க்கிறேன்.

எதை முதலில் இழுப்பது என்பதில் புத்தகம் படித்தவர்களே தடுமாறுவார்கள். சிரிஞ்சின் முனையிலும் நீடிலின் ஹப்பிலும் ஓர் இடம் இருக்கிறது. சிரிஞ்சில் போட்டிருக்கும் கோடு அந்த இடத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. சாதாரண நீடில் மாட்டிய சின்னச் சிரிஞ்சில் அது சுமார் 0.05 முதல் 0.1 மில்லி வரை வரும். மருந்தை 1 மில்லிக் கோடு வரை இழுத்தீர்கள் என்றால் உண்மையில் ஹப்பிலும் சேர்த்து 1.1 இருக்கிறது. அதே சிரிஞ்சில் சலைனை இழுத்தால், ஹப்பில் நின்ற மருந்தும் உள்ளே போய்ச் சேர்ந்துகொள்ளும். பெரிய ஆளுக்கு அது பொருட்டில்லை. குழந்தைக்கு 0.1 மில்லி அளந்து, அதே சிரிஞ்சில் சலைன் இழுத்துக் கரைத்தால், ஏறக்குறைய இரண்டு மடங்கு போய்விடும். அளந்தவளிடம் கேட்டால் 0.1தான் என்று சத்தியம் செய்வாள். அவள் பொய் சொல்லவில்லை.

அதனால் சலைன் முதலில், மருந்து அப்புறம். 9 மில்லி சலைனை இழுத்து வைத்துக்கொண்டு, அதன்மேல் மருந்தைப் பத்துக் கோடு வரை இழுத்தால் கணக்கு நேராகிவிடும். இதற்கு ஒரு விலை உண்டு. மருந்து முழுதும் முனைப்பக்கம் நிற்கும். கலக்காத நன்னாரி சர்பத்தில் பாகு ஒரு பக்கமும் தண்ணீர் ஒரு பக்கமும் நிற்பதைப் போல. அப்படியே கொடுத்தால் முதல் மில்லியில் வேண்டியதைவிட அதிகமாகப் போகும், கடைசியில் வெறும் சலைன். ஆகவே ஒரு மில்லி காற்றை உள்ளே இழுத்து, அந்தக் குமிழி சிரிஞ்சின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓடும்படி நாலைந்து தடவை கவிழ்த்து நிமிர்த்துங்கள். குலுக்க வேண்டாம், குலுக்கினால் நுரைத்துக்கொண்டு சின்னக் குமிழிகள் ஒட்டிக்கொள்ளும், அதைத் தட்டித் தட்டி வெளியேற்றுவதற்குள் விடிந்துவிடும்.

பச்சைக் குழந்தைகளுக்கு ஒருமுறை கரைத்தது போதாது. மூன்று கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 0.05 மி.கி. என்று எழுதினால் மொத்தம் 0.15 மி.கி. மில்லிக்கு ஒன்று என்று கரைத்ததில் அது 0.15 மில்லி; லைனில் மாட்டும் மூவழித் திருகு, அந்த த்ரீவேயின் வாய்க்குள்ளேயே அது தங்கிவிடும். அதனால் அந்தக் கரைசலிலிருந்து 1 மில்லி எடுத்து மறுபடி பத்தாக்குவோம். இப்போது 0.15 மி.கி. என்பது 1.5 மில்லி. கண்ணுக்குத் தெரிகிற அளவு, கைக்கு அடங்குகிற அளவு. இரண்டாம் கரைசல் செய்யும்போது பக்கத்தில் இன்னொரு சிஸ்டர் நின்று, நீங்கள் சொல்லாமலே தானாகக் கணக்குப் போட வேண்டும். "ஒன்று புள்ளி அஞ்சு, சரிதானே?" என்று நீங்கள் கேட்டால் அவர் சரி என்றுதான் சொல்வார். விடையைச் சொல்லிவிட்டுக் கேட்பது சரிபார்ப்பது ஆகாது.

சிரிஞ்சைத் தேர்ந்தெடுப்பதும் இதில் அடக்கம். 5 மில்லி சிரிஞ்சில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் 0.2 மில்லி. 2 மில்லி சிரிஞ்சில் 0.1. ஒரு மில்லி ட்யூபர்குலின் சிரிஞ்சில் 0.01. 0.3 மில்லி அளக்க ஐந்து மில்லி சிரிஞ்சை எடுப்பவள் அளக்கவில்லை, ஊகிக்கிறாள். இன்சுலின் சிரிஞ்ச் இன்னும் மெல்லிசாக இருக்கிறது, கோடும் நெருக்கமாக இருக்கிறது என்று அதைக் கொண்டுவந்த பிள்ளை ஒருத்தி இருந்தாள். நம் நாட்டில் சிவப்பு மூடி போட்ட 40 யூனிட் சிரிஞ்சும் புழங்குகிறது, ஆரஞ்சு மூடி போட்ட 100 யூனிட் சிரிஞ்சும் புழங்குகிறது. சிவப்பில் 10 என்ற கோடு 0.25 மில்லி, ஆரஞ்சில் அதே 10 என்பது 0.1 மில்லி. மூடியைக் கழற்றிப் போட்டபின் எது எது என்று யார் பார்க்கப் போகிறார்கள்? இரண்டையும் மேசையில் வைத்து, ஒன்றில் பத்துக் கோடு, மற்றதில் பத்துக் கோடு என்று தண்ணீரை இழுத்துக் காட்டினேன். அவள் அதன்பின் இன்சுலின் சிரிஞ்சை இன்சுலினுக்குத் தவிர தொட்டதில்லை.

கோட்டைப் படிக்கும்போது சிரிஞ்சைக் கண்ணுக்கு நேராக நிமிர்த்துங்கள். கறுப்பு ரப்பரின் கூம்பு முனையைப் பார்க்காதீர்கள். அதற்குக் கீழே, பேரலின் சுவரைச் சுற்றிலும் ஒட்டி நிற்கும் முதல் வளையத்தைப் பாருங்கள். குனிந்து பார்த்தால் ஓர் அளவு, எக்கிப் பார்த்தால் ஓர் அளவு வரும். எழுதும்போது 0.5 என்று பூஜ்யம் போட்டு எழுதுங்கள். வெறும் புள்ளி வைத்து 5 எழுதினால் அந்தப் புள்ளி கேஸ் ஷீட்டின் மடிப்பில் காணாமல் போகும். அதேபோல 1 என்றால் 1தான், 1.0 என்று எழுதினால் ஒருநாள் யாராவது பத்தாகப் படிப்பார்கள்.

இனி கொடுப்பது. எங்கள் அக்காவின் கை எனக்கு இன்றும் வரவில்லை. அவர் கட்டைவிரலால் அழுத்தமாட்டார். இடது கை விரல்களுக்குள் த்ரீவேயையும் சிரிஞ்சையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, வலது உள்ளங்கையின் அடிச்சதையைப் பிளஞ்சரின்மேல் சாய்த்து, கையின் கனத்தையே மெல்ல மெல்ல இறக்குவார். கட்டைவிரல் என்றால் திடீரென்று தள்ளிவிடும், சதை தள்ளாது. கண் சிரிஞ்சில் இருக்காது, நோயாளியின் முகத்தில் இருக்கும். 2 மில்லியைத் தள்ள நாலு நிமிடம். நடுவில் பேச்சுக் கொடுப்பார். "என்ன ஊரு? கூட யாரு வந்திருக்கா? மழை பேஞ்சுச்சா அங்க?" ஒன்றும் தெரியாதவர்கள் அக்கா அரட்டையடிக்கிறார் என்று நினைப்பார்கள். பதில் குழறுகிறதா, பாதியில் நிற்கிறதா என்று அவர் கேட்டுக்கொண்டிருப்பார்.

இன்னொன்று. புதுச் சிரிஞ்சில் ரப்பர் சுவரோடு ஒட்டியிருக்கும். மெதுவாகத் தள்ளினால் நகராது, கொஞ்சம் அழுத்தினால் ஒரேயடியாக அரை மில்லி பாய்ந்துவிடும். லோட் பண்ணும் முன்பே வெறும் சிரிஞ்சில் பிளஞ்சரை முன்னும் பின்னும் ஒருமுறை இழுத்து விட்டுவிட்டால் அந்தப் பிடிவாதம் போய்விடும். மெதுவாகத் தள்ளப் பழக நோயாளி தேவையில்லை. சிரிஞ்சில் 2 மில்லி தண்ணீர், ஒரு கிட்னி ட்ரே, வினாடி முள் உள்ள கடிகாரம். ஒரு மில்லியை ஒரு நிமிடத்தில் சொட்டுச் சொட்டாக இறக்கிப் பாருங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு முதல்நாள் இருபது வினாடிக்குமேல் கை தாங்காது. டிராமடாலை அவசரமாகத் தள்ளினால் நோயாளி அங்கேயே வாந்தியெடுப்பார். ஃபென்டனிலை அவசரமாகத் தள்ளினால் நெஞ்சுக்கூடே விறைத்து மூச்சு ஏறாமல் போகக்கூடும். டோஸ் சரியாக இருந்தும் நடப்பது இது.

போஸ்ட் ஆப் வார்டில் நான் சேர்ந்த புதிதில் ஒரு ராத்திரி. குடல் ஆபரேஷன் முடிந்த பெரியவர், வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார். டியூட்டி சிஸ்டர் 2 மி.கி. கொடுத்திருந்தார், கொஞ்சம் பொறுத்து இன்னொரு 2. துளியும் குறையவில்லை. பி.ஜி. டாக்டர் வந்து பார்த்து, 3 மி.கி. போடச் சொன்னார். அந்த நேரம் அக்கா ரவுண்ட்ஸ் வந்தார். "சார், மூணு போடறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு, கேனுலாவிலிருந்து விரலால் தடவிக்கொண்டே ட்யூபில் மேலே போனார். கேனுலா முழங்கை மடிப்பில். பெரியவர் வலியில் கையை மடக்கியே வைத்திருந்தார். அது போதாதென்று மானிட்டரின் பி.பி. கஃப்பும் அதே கையில். கால்மணிக்கு ஒருமுறை தானாக இறுகிக்கொண்டிருந்தது. டிரிப் சேம்பரில் சொட்டு நின்றுபோயிருந்தது. கீழே போக வழியில்லாத மருந்து, சைடு போர்ட்டிலிருந்து ட்யூபில் மேல்நோக்கி ஏறியிருந்தது. "இப்போ மருந்து எங்க இருக்கு?" என்று கேட்டுவிட்டு அவரே விரலை ட்யூபின்மேல் வைத்துக் காட்டினார். அடுத்த மூன்றையும் கொடுத்து, யாராவது நல்லெண்ணத்தோடு அந்தக் கையை நீட்டிவிட்டிருந்தால் ஏழும் ஒன்றாக இறங்கியிருக்கும்.

அக்கா ரோலரை மூடினார். அந்த செட்டை அப்படியே கழற்றிக் குப்பையில் போட்டார். மறு கையின் முன்கையில் புதிதாக வென்ஃப்ளான் கேனுலா போட்டு, ஒவ்வொரு மில்லிகிராமாகத் தொடங்கினார். முன்பு கொடுத்த நாலில் கொஞ்சம் உள்ளே போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். போயிருக்கும் என்று வைத்துக்கொண்டு அளவைக் குறைத்தார். போகவில்லை என்று வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். மூன்றாவது மில்லிகிராமில் பெரியவரின் பல் கடி விட்டது. கேஸ் ஷீட்டில், லைன் அடைத்திருந்தது, போய்ச் சேர்ந்த அளவு உறுதியில்லை என்று எழுதச் சொன்னார். அன்றிலிருந்து மருந்து தள்ளும் முன் நான் இரண்டு வேலை செய்வேன். சொட்டு விழுகிறதா என்று பார்ப்பேன். தள்ளும்போது போர்ட்டுக்கு மேலே உள்ள ட்யூபைக் கிள்ளிப் பிடிப்பேன், அல்லது த்ரீவேயை பாட்டில் பக்கம் மூடுவேன்.

மருந்து தங்கும் அடுத்த இடம் த்ரீவேயும் எக்ஸ்டென்ஷனும். இரண்டிலும் சேர்த்து அரை மில்லியிலிருந்து ஒரு மில்லி வரை நிற்கும். நீங்கள் நாலு நிமிடம் பொறுமையாகத் தள்ளிய மருந்தில் பாதி இன்னும் அங்கேதான் இருக்கிறது. "அப்பாடா" என்று சலைன் ஃப்ளஷை ஒரே அழுத்தில் தள்ளினால் அந்தப் பாதி ஒரே வினாடியில் போகிறது. பொறுமையாகக் கொடுத்ததற்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும். ஃப்ளஷின் முதல் ஒரு மில்லியை மருந்து என்றே எண்ணி, அதே வேகத்தில் தள்ளுங்கள். ஃப்ளஷே பண்ணாமல் விட்டால் இன்னும் மோசம். இரண்டு மணி நேரம் கழித்து வேறொருத்தி ஆன்டிபயாடிக் போட வரும்போது அந்த மார்ஃபின் இறங்கும். தியேட்டரிலிருந்து வரும் நோயாளியிடமும் இதே கதைதான். மயக்க மருந்தின் மிச்சம் கேனுலாவில் நின்று, வார்டில் வந்து இறங்கி மூச்சு நின்ற சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. பிரிட்டனில் இதற்கென்றே 2017-ல் எச்சரிக்கை விட்டார்கள். ட்ராலி வார்டு வாசலில் நிற்கும்போதே "லைன் ஃப்ளஷ் பண்ணியாச்சா?" என்று கேளுங்கள். தியேட்டர் ஆட்கள் முறைத்தால் முறைக்கட்டும்.

நரம்புக்குள் போனபிறகும் அக்காவின் கேள்வி முடியாது. ஃபென்டனில் மூன்று நான்கு நிமிடத்தில் வேலையைக் காட்டும். மார்ஃபின் அப்படியில்லை, தொடங்கவே ஐந்து நிமிடம், உச்சத்துக்குப் போக இருபது நிமிடம்வரை ஆகும். ஐந்தாவது நிமிடத்தில் "இன்னும் வலிக்குது" என்றதும் அடுத்ததைக் கொடுத்து, பத்தாவது நிமிடத்தில் அதற்கும் அடுத்ததைக் கொடுத்துவிட்டுப் போனவள், மூன்றும் ஒன்றுசேரும் நேரத்தில் பக்கத்தில் இருக்கமாட்டாள். கடைசி டோஸுக்குப் பிறகு இருபது நிமிடம் உங்கள் கண் அந்தக் கட்டிலை விட்டு அகலக்கூடாது. மூச்சை முழுசாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்குவது இங்கே உதவாது. எண்ணிக்கை குறைவதற்கு முன்பே தூக்கம் கூடிவிடும். கூப்பிட்டால் கண் திறந்து பேசுகிறாரா, திறந்துவிட்டு வாக்கியத்தின் பாதியில் மறுபடி சொக்குகிறாரா? சொக்கினால் அடுத்த டோஸ் கிடையாது, டாக்டரைக் கூப்பிடுங்கள். ஆக்ஸிஜன் ஓடிக்கொண்டிருக்கும் நோயாளியின் விரல் மானிட்டரை நம்பாதீர்கள். மூச்சு பாதியாகக் குறைந்தபிறகும் அது 98 காட்டிக்கொண்டிருக்கும்.

வலியைக் கேட்பதிலும் பழக்கம் வேண்டும். பத்துக்கு எத்தனை என்று கேட்டால் எங்கள் பக்கத்துப் பாட்டிகள் சிரிக்கிறார்கள். ஒரு ரூபாய்க்கு எத்தனை காசு வலி என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள். "காலைல முழு ரூபாயும் இருந்துச்சும்மா, இப்ப ஒரு கால் ரூபா." கால் ரூபாய் வலியோடு இருமவும், புரண்டு படுக்கவும் முடிகிறதென்றால் அங்கே நிறுத்தலாம். பூஜ்யத்துக்குக் கொண்டுபோக வேண்டிய கட்டாயம் இல்லை.

முன்பெல்லாம் இந்தக் கவலை எதுவும் கிடையாது. ஃபோர்ட்வின், ஃபெனர்கன் இரண்டையும் சேர்த்து இடுப்பில் ஒரு ஊசி. முதல் இரண்டு மணி நேரம் நோயாளி அடித்துப் போட்ட மாதிரி தூங்குவார், அப்புறம் அடுத்த ஊசி நேரம் வரும்வரை கத்துவார். மார்ஃபினைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். 1985-ல் போதைப்பொருள் சட்டம் வந்தபின் அதை வாங்கி வைக்க ஏகப்பட்ட லைசன்ஸ் வேண்டியிருந்தது. பல ஆஸ்பத்திரிகள் வேண்டாம் என்றே விட்டுவிட்டன. 2014-ல் சட்டத்தைத் திருத்தியபிறகுதான் கொஞ்சம் வழி திறந்தது. இடையில் வளர்ந்த ஒரு தலைமுறை நர்ஸுகளுக்கு அந்த மருந்தைத் தொட்ட பழக்கமே இல்லை. பயம் மட்டும் இருந்தது. மூச்சு நின்றுவிடும், பழக்கமாகிவிடும் என்று சொல்லி நோயாளியை அழவிட்டவர்கள் உண்டு. சின்னச் சின்னதாகக் கொடுத்து, நடுவில் பார்த்துக்கொள்வதற்கு வழி இருக்கும்போது, கொடுக்காமல் இருப்பதை ஜாக்கிரதை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மாற்று மருந்தையும் சின்னதாகத்தான் கொடுக்க வேண்டும். நலாக்ஸோன் ஆம்பியூலில் 400 மைக்ரோகிராம். மூச்சு அடியோடு நின்றுபோனால் அது வேறு விஷயம். மூச்சு குறைந்திருக்கிறது, ஆள் சொக்குகிறார் என்ற நிலையில் அதைப் பத்தாக்கி, ஒரு மில்லி, இரண்டு மில்லி என்று டாக்டர் கொடுக்கச் சொல்வார். முழு ஆம்பியூலையும் இறக்கினால் மூச்சோடு சேர்ந்து வலியும் முழுசாகத் திரும்பிவிடும். தையல் போட்ட வயிற்றோடு ஆள் துள்ளி எழுவார். அதைவிட முக்கியம், நலாக்ஸோன் சீக்கிரம் அடங்கும், மார்ஃபின் அடங்காது. ஒரு மணி நேரம் கழித்து அதே ஆள் மறுபடி சொக்கலாம்.

பாரசிட்டமால்தானே என்று அலட்சியம் காட்டுகிறவர்களிடம்தான் எனக்கு அதிகப் பயம். நூறு மில்லி பாட்டிலில் ஒரு கிராம். மில்லிக்கு 10 மி.கி. பத்து கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 15 வீதம் 150 மி.கி., அதாவது 15 மில்லி. டியூட்டி நெருக்கடியில் முழு பாட்டிலையும் ஸ்டாண்டில் மாட்டி, கொஞ்ச நேரத்தில் நிறுத்திக்கொள்ளலாம் என்று ஒருத்தி போனால், நிறுத்த வருவதற்குள் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. குழந்தையின் கட்டிலில் பாட்டிலே தொங்கக்கூடாது. 15 மில்லியைச் சிரிஞ்சில் எடுத்து அளவுக்குடுவை செட்டில் விட்டு, பதினைந்து நிமிடத்தில் ஓடவிடுங்கள். மைக்ரோ டிரிப்பில் 60 சொட்டு ஒரு மில்லி. அந்தக் கணக்கில் நிமிடத்துக்கு 60 சொட்டு. வினாடிக்கு ஒன்று. எண்ணுவதற்கு இதைவிடச் சுலபமான கணக்குக் கிடையாது.

கடைசியில் ரிஜிஸ்டர். மார்ஃபின், ஃபென்டனில் இருக்கும் அலமாரியை நாங்கள் இன்றும் டி.டி.ஏ. அலமாரி என்றுதான் சொல்கிறோம். டேஞ்சரஸ் டிரக்ஸ் ஆக்ட் என்ற அந்தப் பழைய சட்டம் போய் எவ்வளவோ காலம் ஆயிற்று. இரண்டு பூட்டு, இரண்டு கையெழுத்து. 10 மி.கி. எடுத்து 3 கொடுத்தால் மீதி 7 எங்கே போனது என்று எழுத வேண்டும். கொட்டுவதை இன்னொருவர் கண்ணால் பார்க்க வேண்டும். காலி ஆம்பியூல் திரும்ப எண்ணிக்கைக்கு வர வேண்டும். "சிஸ்டர், கொட்டிட்டேன், ஒரு சைன் மட்டும்" என்று ரிஜிஸ்டரை நீட்டிக்கொண்டு வருவார்கள். நல்ல பிள்ளைகள்தான், திருட்டுப் புத்தி இல்லாதவர்கள்தான். ஆனாலும் பார்க்காததற்கு நான் கையெழுத்துப் போடுவதில்லை. அடுத்த ஆம்பியூலுக்கு என்னைக் கூப்பிட்டு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன். இந்த ஒன்றுக்கு, சாட்சி இல்லாமல் கொட்டப்பட்டது என்று அவளையே எழுதவைத்து மேட்ரனிடம் அனுப்புவேன். இரண்டு மூன்று பேர் என்னோடு பேசுவதையே நிறுத்திக்கொண்டார்கள். அவர்களில் ஒருத்தி இப்போது இன்னொரு வார்டில் இன்சார்ஜ். அவளிடமும் பார்க்காத கையெழுத்து வாங்க முடிவதில்லை என்று பிள்ளைகள் புலம்புகிறார்கள்.